மணியம்மாவுக்கு வசதி வந்த பிறகு

மணியம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் பணம் வந்தது. அதுவும் அவள் பாடுபட்டு வந்ததல்ல. திருப்பதிப் பக்கம் ஏர்பேட்டுக்கு அப்பால், அவள் மாமனாருக்குச் சர்க்கார் கொடுத்த மேட்டு நிலம் ஒன்று இருந்தது. கல்லும் முள்ளும். மழை பெய்த வருஷம் வேர்க்கடலை போடுவார்கள். பெய்யாத வருஷம் ஆடு மேயும். அதை நம்பிப் பிழைக்க முடியாது என்பதால் மணியம்மாவும் அவள் புருஷன் வீராசாமியும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போய்த்தான் மகனை ஆளாக்கினார்கள். தொழிற்பேட்டை வரப்போகிறது என்று ஆட்கள் வந்து அளந்து கல் நட்டபோது, ரோட்டுக்கு மேற்கே இருந்த நிலமெல்லாம் அதற்குள் போயிற்று. மணியம்மாவின் நிலம் மேற்கே இருந்தது; சர்க்கார் நஷ்டஈடு கைக்கு வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளோடு ஒரே வரிசையில் களை பறித்த யமுனாவின் நிலம் கிழக்கே இருந்தது.

முதல் வருஷம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதை மணியம்மா யாரிடமும் மறுத்ததில்லை. மழை வந்தால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒழுகும் இடமெல்லாம் ஓட வேண்டியதில்லை. முழங்கால் வலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனாள். பண்டிகைக்குக் காத்திராமல் கோழி எடுத்தாள். மகன் பாஸ்கர் திருப்பதியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு வாங்கி அப்பா அம்மாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்க பெங்களூர் போனான்.

அதற்கப்புறம்தான் அந்த அலுப்பு பிடித்துக்கொண்டது. விடியுமுன் விழிப்பு வந்துவிடும். எழுந்து செய்வதற்கு ஒன்றும் இராது. இரண்டு பேருக்குச் சோறாக்க எவ்வளவு நேரமாகும்? பால்கனியில் நின்றால் மலை தெரியும், கீழே வண்டிகள் தெரியும். ஒன்பது மணிக்கெல்லாம் நாளே முடிந்துபோன மாதிரி இருக்கும். நாள் முழுக்க நாற்று நட்டாலும் இத்தனை களைப்பு வந்ததில்லையே என்று நினைப்பாள். வீராசாமி சோபாவில் டிவி முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி இருப்பார். ஊரில் இருந்தவரை வாய் ஓயாமல் கேலி பேசிய மனுஷன், இங்கே காலிங் பெல் அடித்தால் முதலில் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

சித்திரை கடைசியில் ஒருநாள் அவள் தம்பி கோவர்த்தனன் வந்தான். வெதுருகுப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்திருந்தான்.

"இன்னாக்கா, எளைச்சிப் போய்க்கீற?" என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. குந்து, துன்னுட்டுப் போலாம்."

சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவன் மகள் படிப்பைப் பற்றிச் சொன்னான், மாமரத்தில் பூச்சி விழுந்ததைச் சொன்னான். மணியம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் மனசு முழுக்க ஒன்றையேதான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது: இப்போது பணம் கேட்பான், இதோ கேட்கப் போகிறான். படிப்புக்கா, மரத்துக்கு மருந்தடிக்கவா? எவ்வளவு கேட்பான், இவர் என்ன சொல்வார் என்று பதில்கூடத் தயார் செய்துகொண்டாள். கோவர்த்தனன் கையலம்பினான், துண்டில் துடைத்தான், "வரங்க்கா, பஸ்ஸுக்கு நேரமாயிடும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

அவன் எதுவுமே கேட்கவில்லை. அக்காவைப் பார்க்க வந்திருந்தான், அவ்வளவுதான். அவன் சொன்ன பேச்சில் ஒன்றுகூட முழுசாக நினைவுக்கு வராதது கண்டு மணியம்மாவுக்கு உடம்பு கூசியது. மகள் எந்தக் காலேஜ் என்று சொன்னான்? தெரியவில்லை.

மறுநாள் காலை, "ஊருக்குப் போய்ட்டு வரேன்" என்று மட்டும் புருஷனிடம் சொல்லிவிட்டுக் காளஹஸ்தி பஸ்ஸில் ஏறினாள்.

ஊர்க்காரர் நாகையாவின் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பெண்கள். யமுனா நிமிர்ந்து பார்த்து, "வாங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் மணியம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை காலத்தில் 'வாடி' தவிர வேறு அழைப்பு அவர்களுக்குள் இருந்ததில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் குந்தினாள். செடியைப் பிடித்து இழுத்து, மண்ணை உதறி, காயைக் கிள்ளினாள். ஈர மண் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிறகு முழங்கால் தன் வேலையைக் காட்டியது. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். யமுனா சத்தமில்லாமல் இவள் வரிசையிலும் நாலு செடி பிடுங்கிப் போட்டுக்கொண்டே போனாள்.

நாகையா வந்தவர், இவளைக் கண்டதும் பதறிப்போய் மோட்டார் ரூமிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து வரப்பில் போட்டார். "கூர்ச்சோண்டம்மா, மீரு கூர்ச்சோண்டி!" என்று உட்காரச் சொல்லிக் கெஞ்சாத குறை.

அவர் அந்தப் பக்கம் போனதும், வரிசையிலேயே இளையவளான தேன்மொழி கையை நிறுத்தாமல் சொன்னாள்: "தப்பா நெனைக்காதக்கா. அஞ்சு பேருக்கு ரெண்டு நாள் வேல இது. நீயும் சேந்தின்னா நாளைக்கி மத்தியானமே முடிஞ்சிடும். அரை நாள் கூலிதான் கைக்கு வரும்."

"எனக்குக் கூலி வேணாம்மா."

"அது இன்னும் மோசங்க்கா. சும்மா செய்யறவங்க இருந்தா எங்கள எவன் கூப்டுவான்?"

மணியம்மா கையிலிருந்த செடியைக் கீழே வைத்தாள். எழுந்திருக்க முடியவில்லை, யமுனாதான் வந்து தோளைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். நாற்காலி பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது.

"அங்க சந்தோசமா கீறியா?" என்று யமுனா கேட்டாள். 'வாங்க' போய்விட்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

மணியம்மா யோசித்துத்தான் சொன்னாள். "பயம் போய்டுச்சிடி. ஒடம்புக்கு முடியலன்னா, மழை பேஞ்சா, அந்தப் பயம் எதுவும் இல்ல. ஆனா அதுக்கு மேல ஒண்ணும் வர்ல. யாரு வந்தாலும் கேக்கத்தான் வந்துகீறாங்கன்னு தோணுது. கூடப் பொறந்தவனையே அப்பிடிப் பாத்துட்டேன்."

யமுனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அந்தப் பயம் மட்டும் போனா போதும். மீதிய நான் பாத்துக்குவேன்" என்றாள். பிறகு ரோட்டுப் பக்கம் கை காட்டினாள். "அந்தக் கல்ல இந்தாண்ட நட்டிருக்கக் கூடாதான்னு எத்தினி நாள் வயிறெரிஞ்சிகீறேன் தெரியுமா? ஒன்ன நெனைச்சிக்கினுதான். அதான் ஒங்கிட்ட சரியாப் பேச வர்ல."

மணியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. யாரோ தன்னிடம் உள்ளதை உள்ளபடி பேசி வெகுநாளாயிற்று என்றுதான் தோன்றியது. "ஒருநாள் வீட்டுக்கு வாடி" என்றாள்.

கடலை வேலை முடிந்த பிறகு யமுனா வந்தாள். துவைத்த புடவை, தலையில் எண்ணெய். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், சாப்பிட்டாள். "சித்த சாயறேன்" என்று உள்ளறைக் கட்டிலில் படுத்தவள், படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். வாய் திறந்து, கைகள் இரண்டு பக்கமும் விழுந்து, அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். மணியம்மா திரையை இழுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். வீராசாமி எட்டிப் பார்த்தார். போய் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் யமுனா திடுக்கிட்டு எழுந்தாள். "எழுப்பக் கூடாதா?" என்று வெட்கத்தோடு திட்டினாள். மணியம்மா அவளை பஸ் ஏற்றிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து திரும்பினாள்.

இப்போதெல்லாம் வேலை இல்லாத நாளில் யமுனா வருகிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், போகிறாள். பேச்சு அதிகமில்லை. மற்ற நாட்கள் மணியம்மாவுக்கு முன்போலவே நீளமாகத்தான் இருக்கின்றன. கோவர்த்தனனுக்குப் போன் போட்டு, மகள் எந்தக் காலேஜ் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். இந்தத் தடவை அவள் முழுசாகக் கேட்டாள்.