இருபத்து நாலு உபய விளக்குகள்

பாகூர் அரிசி மில்லில் டைனமோ ஓட்டியவன் செல்லக்கண்ணு. முன்கோபக்காரன் என்று பெயர். உண்மையில் சொன்னதைக் கேட்காதவர்களிடம்தான் கோபம். 1938 ஆடியில், அம்மன் திருவிழாக் கீற்றுப் பந்தலுக்கு மில்லிலிருந்து கம்பி இழுத்தான். பன்னிரண்டு விளக்குகளுக்குத் தாங்கும் கம்பி.

ஆனால் உபயம் என்று வந்தால் எவன் பின்வாங்குவான்? ஒரு பங்காளி ஒரு விளக்குக் கொடுத்தால் அடுத்தவன் இரண்டு. சாயங்காலத்துக்குள் இரண்டு வரிசையில் இருபத்து நாலு ஆகிவிட்டன. ஏற்றியதும் ப்யூஸ் போயிற்று. அபசகுனம் என்று பதறிய மில் முதலாளி உலகநாதன், செல்லக்கண்ணு தடுக்கத் தடுக்க, ப்யூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்ற வைத்தார். பந்தல் பகலாகியது.

சற்று நேரத்தில் ரப்பர் கருகும் வாடை. செல்லக்கண்ணு கம்பியைத் தொட்டான், விரல் சுட்டது. கம்பிக்கு மேலே காய்ந்த கீற்று, கீழே நூறு பெண்கள். அவர்களில் ஒருத்தி அவன் மனைவி அமுதம், ஏழு மாதக் கர்ப்பிணி.

"மொதலாளி, வெளக்கு ரெட்டிச்சா கம்பில கரண்டும் ரெட்டிக்கும், சூடு நாலு மடங்கு ஏறும். பாதிய அணைச்சிடலாம்."

"யாரு உபயத்தடா அணைப்ப? அணைஞ்சா அந்தக் குடும்பம் வெளங்குமா? சாமி பொறப்பட்டாச்சி. கம்பில கைய வெச்ச, நாளைக்கு மில்லுப் பக்கம் வராத!"

அந்த மில்லை விட்டால் அவனுக்குப் பிழைப்பு ஏது? ஆனாலும் பந்தல் மெயின் சுவிட்சின் லீவரை இழுத்துவிட்டான்.

இருட்டு. ஊரே சபித்தது. யாரோ முதுகில் குத்தினார்கள். வலியோடு முனைகளைப் பிரித்து, ஒரு வரிசை வழியாகப் போன கரண்டே அடுத்த வரிசைக்கும் போகும்படி முறுக்கி, லீவரைத் திரும்பத் தள்ளினான். பக்கம் பக்கமாக இருந்த வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றானதால் மின்தடை நாலு மடங்கானது. கரண்ட் கால்வாசியாகச் சுருங்கியது. விளக்குக்குப் பாதி வோல்ட்தான். இருபத்து நாலும் எரிந்தன, ஒன்றுகூட அணையவில்லை. ஆனால் எல்லாம் அழுகிற மூஞ்சியோடு.

"இதுக்கு அகல் வெளக்கே தேவலாம்," என்று காறித் துப்பினார் உலகநாதன். மறுநாள் வேலை போயிற்று.

அன்றைக்கே பந்தலைப் பிரித்தார்கள். முந்தின ராத்திரி உலகநாதன் மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, கம்பியோடு ஒட்டியபடி ஒரு முழம் கீற்று கரியாகி வந்தது. உலகநாதன் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு, வேறு யாரும் பார்ப்பதற்குள், காலால் நசுக்கித் தூளாக்கிவிட்டார்.