கண்ணும் செட்டையும்

மாரியில் கடற்காகங்களுக்குத் தலையில் நிறம் இருக்காது. கருந்தலை, பழுப்புத்தலை என்ற இரண்டு இனமும் ஒரேமாதிரி வெள்ளைத் தலையோடு, காதடியில் ஒரு கறுப்புப் பொட்டை வைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் கரைக்குக் கூட்டமாக வருவது பழுப்புத்தலை. கருந்தலை அருமை.

அந்த அருமையை நான் நாயாற்று முகத்துவாரத்தில் கண்டேன். பறக்கும்போது செட்டையின் முன்விளிம்பு நுனிக்குக் கிட்டவரை வெள்ளையாக இருந்தது. பழுப்புத்தலைக்கு அந்த இடத்தில் அகலமான கறுப்பு. படமெடுக்க முதலே போய்விட்டது. எங்கள் பறவை பார்க்கும் குழுவை நடத்துகிற கணித ஆசிரியர் கண் என்ன நிறம் என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். கருந்தலைக்குக் கண் கறுப்பு, மற்றதற்கு வெளிறல். அவருக்கு அது போதும்.

"கண்ணைப் பாக்காட்டில் ரீச்சர் கண்டது எங்கட ஊர்க் காகம்தான்" என்று வட்ஸ்அப் குழுவில் எழுதினார்.

அடுத்த கிழமை நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'காகம் ரீச்சர்'. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வகுப்பு 'கா கா' என்று கரைந்தது. அந்த மனுசனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்க விருப்பமும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த மாரி வரும்வரை படங்களில் செட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரி வந்தது. அதே கரை. யாழ்ப்பாணத்திலிருந்து சில ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். கணித ஆசிரியர் தொலைநோக்கியை மணலில் நிறுத்தி, கருந்தலை, கண்ணைப் பாருங்கோ, நல்ல கறுப்பு என்று எல்லாரையும் கூப்பிட்டார். நானும் குனிந்து பார்த்தேன். கண் கறுப்புத்தான். ஆனால் இரை கொத்தும் சொண்டு தடிப்பு, செட்டையில் குஞ்சுப் பருவத்து மண்நிறம் இன்னும் போகவில்லை. முதல் வருடப் பழுப்புத்தலைக்கும் கண் கறுப்பாகத்தான் இருக்கும். அவர் எல்லாருக்கும் விளக்கி முடிக்கட்டும் என்று கமராவோடு காத்திருந்தேன்.

நாயொன்று ஓடிவர, பறவை எழும்பியது. படமெடுத்தேன். செட்டை நுனி முழுக்கக் கறுப்பு. முன்விளிம்பில் வெள்ளையே இல்லை.

"கண்ணைப் பாத்தியள், சரி. செட்டையைப் பாக்கேல்லையோ சேர்?"

படத்தை ஒவ்வொருவருக்கும் காட்டி, அவசரப்படாமல் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். அவருடைய காது சிவந்ததைப் பார்க்க இன்பமாக இருந்தது.

வாகனத்துக்குத் திரும்பும்போது பின்னால் வந்தார். ஒருநாளும் என்னோடு இவ்வளவு பணிவாகக் கதைத்ததில்லை.

"குழுவில போட்டிடாதேங்கோ ரீச்சர். என்ர பள்ளிக்கூடப் பிள்ளையளும் அதில இருக்கினம்."

என்னுடைய பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்கள். "ஓம் சேர்" என்றேன். வாகனத்தில் ஏறி இருந்ததும் போட்டேன்.