நாலடித் தொட்டியும் நடுங்கிய கைகளும்

போன வருடம் ஐப்பசியில், மன்னார்குடியில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த சமயம் அது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, மூன்று மாதப் பயிற்சிக்காக வெளிநாடு போகவேண்டியிருந்தது. போகும் முன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே ஒரு பாம்புக்குட்டி! ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு வகை. விஷமில்லை, அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்து வளர்க்கிறான். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும்.

“வாரத்துக்கு ஒரு சுண்டெலி வச்சாப் போதும். டப்பாவை மட்டும் மாத்திடாதக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

முதலில் அருவருப்பாக இருந்தது. நாலைந்து நாளில் அதுவே பிரியமாகிவிட்டது. பிரியம் வந்ததும் அந்த டப்பா என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஒன்றரை அடி டப்பாவுக்குள் ஒரு உயிரை அடைப்பதா? பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். நீள அகலம் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு வேறு. மீன் கடையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, மணல் பரப்பி, ஒரு தண்ணீர்க் கிண்ணம் வைத்துக் கூடத்தில் வைத்தேன். வருகிறவர்களெல்லாம் பார்த்து வியந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் பாம்பு சாப்பிடவில்லை. அடுத்த வாரமும் இல்லை. இரவெல்லாம் கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டே சுற்றியது. பகலில் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. தம்பி போனில் கேட்டபோது, “நல்லா சாப்பிடுதுடா” என்று பொய் சொன்னேன். நான்காவது வாரம் அதன் மூக்கில் புண் வந்து, உடம்பும் மெலிந்திருந்தது. பயந்துபோய், பழைய டப்பாவிலேயே போட்டு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

மாடும் ஆடுமாக நின்ற வரிசை, டப்பாவில் இருப்பது என்னவென்று தெரிந்ததும் தானாக விலகி வழிவிட்டது. டாக்டர் ஒரு இளம்பெண். டப்பாவைப் பார்த்ததுமே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“டீச்சர், உண்மையச் சொல்லிடறேன். பாம்புக்கு வைத்தியம் பாத்து எனக்குப் பழக்கமில்ல. பாம்புன்னாலே பயம் வேற. ஒரு நாள் டைம் குடுங்க, எங்க காலேஜ் சார்கிட்ட கேட்டுட்டு நாளைக்கு வீட்டுக்கே வரேன்.”

தட்டிக் கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் சாயங்காலம், கொட்டுகிற மழையில் ரெயின்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு நோட்டு, பக்கம் பக்கமாக எழுதியிருந்தது.

பாம்பைப் பார்க்கும் முன் தொட்டியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“வயல்ல பாம்பு எங்க டீச்சர் இருக்கும்? வெட்டவெளியிலயா படுத்திருக்கும்?”

“வரப்புல இருக்கற எலி வளையிலதான்.”

“இதுவும் அப்படித்தானாம். குட்டி வேற. ஒளிய ஒரு இடம் இல்லாம இவ்வளவு பெரிய கண்ணாடிக்குள்ள விட்டா, ஊரே தன்னைப் பாக்கற மாதிரி மிரண்டு போயிடும். அந்த டப்பாதான் இப்போதைக்கு அளவு. உடம்பு ஒட்டி உக்கார்ற மாதிரி ரெண்டு மறைவிடம் வைங்க. வளர வளரப் பெரிசாக்கலாம், மறைவிடத்தையும் சேத்துப் பெரிசாக்குங்க.”

பிறகு புண்ணுக்கு மருந்து போட அதைத் தூக்கினார். அவர் கைகள் நடுங்கியதை நான் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் அந்த நடுக்கம் பாம்புக்குத் தெரியக்கூடாது என்பதுபோல, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பதமாகப் பிடித்திருந்தார்.

கிளம்பும்போது, “தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “சொல்லிடுங்க டீச்சர். நம்ம ரெண்டு பேரையும் விட அவருக்குத்தான் இதப் பத்தி நல்லாத் தெரியும்.”

அன்றே சொன்னேன். அவன், “முதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா” என்றான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அதன்பின் தினமும் அவன் கேட்டுக் கேட்டுச் சொல்ல, நான் செய்தேன்.

இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் வாசல்போல வெட்டி, பழைய டப்பாவுக்குள் கவிழ்த்து வைத்தேன். ஒன்றுக்குள் புகுந்த பாம்பு இரண்டு நாள் வெளியே வரவில்லை. பத்தாம் நாள், இடுக்கியில் பிடித்து நீட்டிய எலியைப் பாய்ந்து கவ்வியது. டாக்டருக்குப் போன் செய்தேன். எங்கோ ஒரு மாட்டுத் தொழுவத்தில் நின்றுகொண்டு, குழந்தைபோலச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

தனக்குத் தெரியாது என்பதையும் பயம் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு, அதற்காக ஒதுங்கிப் போகாமல் மறுநாள் கொட்டுகிற மழையில் வந்து நின்றாரே, அந்தப் பெண்ணிடமிருந்து நான் கற்றுக்கொண்டதை, இத்தனை வருட ஆசிரியர் வேலையில் ஒரு பிள்ளைக்காவது கற்றுக்கொடுத்திருப்பேனா என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.