ஜீப்பின் அடிப்பக்கம்

டை காஸ்ட் கார், அதாவது உலோகத்தில் வார்த்த குட்டி மாதிரிக் கார் ஒன்றைக் கையில் எடுத்தால் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். உள்ளங்கையில் எடை தெரிய வேண்டும். கதவைச் சுற்றியுள்ள இடுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மூலைகளில் பெயிண்ட் தேங்கியிருக்கக் கூடாது. கண்ணாடி மேல் உருட்டினால் நான்கு சக்கரங்களும் சுழல வேண்டும். கடைசியாக, திருப்பிப் போட்டு அடிப்பக்கம். மலிவான கார்களில் அங்கே வெறும் தகடுதான் இருக்கும். நல்ல கார்களில் சைலன்சர் குழாய்கூடத் தனியாகத் தெரியும்.

சேலத்தில் ஒரு பட்டறையில் உதிரிபாகங்களை அளந்து சோதிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு மலையில் நாகலூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். நிஜ வண்டியில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள கார்களை மட்டுமே சேர்க்கிறேன். இதுவரை பதினொன்று.

ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருப்பவருக்கும் இதே பித்து. அறைச் சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே அவருடைய கண்ணாடி அலமாரி இருக்கிறது. நாங்கள் காருக்குக் கார் மாற்றிக்கொள்வோம். மாற்றிய பிறகு திருப்பிக் கேட்கக் கூடாது.

சில மாதங்களுக்கு முன் அவரிடம் ஒரு பச்சை ஜீப் வந்தது. துணிக் கூரை போட்ட பழைய வகை. காபி மூட்டைகளோடு இன்றும் இந்த மலையில் ஏறி இறங்குவது. பிறந்ததிலிருந்து பார்க்கும் வண்டிதான், ஆனால் என் அளவில் ஒரு நல்ல மாதிரி கிடைத்ததே இல்லை. பதிலுக்கு அவர் என் நீல நிற இரண்டு கதவுக் காரைக் கேட்டார். என்னிடம் இருப்பதில் அதுதான் சிறந்தது. ஜீப் போலியாக இருந்தால் நீலக் காரும் போய்விடும்.

நீலக் காரைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். முதல் நான்கு சோதனைகளில் ஜீப் தேறிவிட்டது. திருப்பினேன்.

"ஏனுங்க இஞ்சினியரம்மா, பொண்ணு பாக்க வந்துட்டு உள்ளங்காலத் திருப்பிப் பாக்கறீங்களே!" என்றார் மேனேஜர்.

"உள்ளங்கால் கோணலா இருக்குதுங்களே."

பின்சக்கரங்களை இணைக்கும் அச்சில் உருண்டையாக ஒரு பாகம் துருத்திக்கொண்டிருக்கும். டிரைவர்கள் அதை கிரவுன் என்பார்கள். லாரியிலும் பஸ்ஸிலும் அது ஏறக்குறைய நடுவில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஜீப்பில் ஒரு பக்கமாக விலகியிருந்தது. பையிலிருந்த வெர்னியர் அளவுகோலை வைத்தேன். நடுவிலிருந்து நான்கு மில்லிமீட்டர்.

"கோக்கும்போதே தப்பாக் கோத்திருக்காங்க. வேண்டாமுங்க," என்றேன்.

அவர் முகம் வாடிப்போனது. "ரெண்டு மணிக்குச் சேலத்துக்காரர் ஒருத்தர் பாக்க வராருங்க. அவரு இவ்வளவு நோண்ட மாட்டாரு," என்று ஜீப்பை வாங்கிக்கொண்டார்.

நான் பஸ் ஏறி நாகலூரில் இறங்கினேன். நிறுத்தத்துக்கு எதிரே எஸ்டேட் ஜீப் ஒன்று பின்பக்கம் ஜாக்கி போட்டு நின்றது. பஞ்சர். டிரைவர் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். எத்தனையோ முறை இதே ஜீப்பில் ஏறியிருக்கிறேன். ஒரு முறைகூடக் குனிந்து பார்த்ததில்லை. இப்போது குனிந்தேன்.

கிரவுன் ஒரு பக்கமாக விலகியிருந்தது.

மாதிரியில் எந்தப் பக்கமோ, அதே பக்கம். அவர் சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கும்வரை காத்திருந்து, பையிலிருந்த இரும்பு டேப்பை எடுத்தேன்.

"ஏங்கண்ணு, ஜீப்புக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"ஒரு நிமிசமுங்க. இந்த கிரவுன் எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"வாங்குனப்பவே அப்படித்தான். எஞ்சினுக்குப் பின்னால இருந்து கிரவுனச் சுத்த வர்ற ராடே ஓரமாத்தானே வருது? நடுவுல இருந்தாத்தான் தப்பு."

மண்ணில் மல்லாந்து படுத்து அளந்தேன். நூற்று எழுபது மில்லிமீட்டர். நாற்பத்து மூன்றால் வகுத்தால் நான்குக்குச் சற்றுக் குறைவு.

அப்படியே கிடந்தேன். காய்ந்த சேறும் கிரீஸும் என் முகத்துக்கு மேலே. எந்த ஊரிலோ ஒருவர் இதே போல ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்து அளந்திருக்கிறார். அந்த அளவைச் சுண்டுவிரல் நீள வண்டியில், அலமாரியில் வைத்தால் யார் கண்ணிலும் படாத இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான பாகங்களைச் சோதித்திருக்கிறேன். ஒரு பாகத்தின் முன்னால் இப்படி மலைத்துப் போனதில்லை.

"தூங்கிட்டியா கண்ணு? நான் ஏற்காடு டவுனுக்குப் போகோணும்," என்றார் டிரைவர்.

போட்டோ எடுத்துக்கொண்டு அவரோடே ஏறினேன். லாட்ஜுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மணி ஒன்றே கால். சேலத்துக்காரர் சீக்கிரமே வந்து வாங்கிப் போயிருந்தால் என்ற நினைப்பில் வளைவுகள்கூடக் கண்ணில் படவில்லை.

உள்ளே ஓடியபோது மேனேஜர் மட்டும்தான் இருந்தார். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, ஜீப்பின் திருகுகளைக் கழற்றி, அச்சில் ரம்பப் பிளேடை வைத்திருந்தார். பக்கத்தில் பசை.

"வெட்டாதீங்க!"

"நீங்க சொன்ன தப்பத்தானுங்க சரி பண்றேன். கிரவுன நடுவுல ஒட்டிட்டா அந்த மனுசனும் நொம்ப சந்தோசப்படுவாரு."

"தப்பு எம்மேலதானுங்க. இதப் பாருங்க."

போனில் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன். எண்களைச் சொன்னேன். அவர் பிளேடைக் கீழே வைத்தார். போட்டோவையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். லாட்ஜ் பையனைக் கூப்பிடும் மணியின் மேல் முழங்கை பட்டு அது அடித்தது, அவருக்குக் கேட்கவில்லை. அச்சில் பிளேடு பட்ட இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல் மட்டும் இருந்தது. சின்னத் திருகுகளை அவர் எடுத்துத் தர, நானே முடுக்கினேன்.

பிறகு நீலக் காரை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. "மன்னிச்சுக்கோணுங்க. இப்ப எனக்கே குடுக்க மனசு வரல," என்றார்.

நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீலக் காரை மறுபடி பைக்குள் வைத்தேன். இரண்டு மணிக்குச் சேலத்துக்காரர் வந்து, "ஜீப் எங்கேங்க?" என்றார். "குடுக்கறதா இல்லைங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இப்போது அந்த ஜீப் அவர் அலமாரியில் மல்லாந்து கிடக்கிறது. சாவி வாங்க வருபவர்கள், "வண்டி கவுந்து கெடக்குதே" என்று கேட்டால் போதும், அறையைக்கூடக் காட்டாமல் கிரவுனைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார். நானும் ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். நீலக் காரைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். இன்னும் அவர் மனம் மாறவில்லை.