பட்டம்மாள் பிடித்த குழாய்

10.8.2024 — பச்சை பெயின்ட், ஒரு லிட்டர் — ரூ. 410
9.11.2024 — அபராதம் — ரூ. 200
7.12.2024 — அபராதம் — ரூ. 200
11.1.2025 — அபராதம் — ரூ. 500

கோதண்டம் முப்பத்தோரு வருடம் துறைமுகத்து எடைமேடையில் எழுத்தராக இருந்தவர். ஒரு லாரியின் எடையை எழுதினால் எழுதியதுதான், அடித்துத் திருத்தியதில்லை. வேலையில் இருந்தபோதே எண்ணூரில், அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து விழுகிற பக்கம், வீடு கட்டினார். குடியிருப்புக்குச் சங்கம் வைத்தபோது வேலிக்கான விதிகளை எழுதித் தந்தவரும் அவர்தான். நாலடிக்கு மேல் கூடாது. தகரம், சாக்கு, பழைய வலை கூடாது. கம்பிவலையும் அதன் தலையில் ஒரு இரும்புக் குழாயும் மட்டும். ஆறாவது விதி: வேலி முழுவதும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும்.

பச்சைதான் அடித்தார்கள். சாம்பல் படிந்து படிந்து எல்லா வேலியும் ஒன்றுபோல நரைத்தது. விதிக்குக் குறைவில்லை.

அவர் மனைவி பட்டம்மாள் சாயங்காலமானால் அந்தக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் வரும் வழியைப் பார்த்து நிற்பாள். போன ஆனியில் மூச்சு முட்டி இறந்துபோனாள். காரியம் முடிந்த மறுநாள் காலை, நரைத்த குழாயில் இரண்டு இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்தது.

கோதண்டம் குழாய் முழுவதற்கும் புதிதாகப் பெயின்ட் அடித்தார். மறுபடி சாம்பல் படிந்தது. அதே இரண்டு இடத்தில் மட்டும் படியவில்லை.

சங்கச் செயலாளர் பொன்ராஜ் வந்து பார்த்தான். "இன்னா நைனா, ரெண்டு எடத்த மட்டும் தொடச்சி வெச்சிக்கீற? தொடச்சா முழுசா தொட, இல்லன்னா வுட்டுடு. நீ எழுதுன ரூல்சுதான்."

"நான் தொடைக்கல பொன்ராஜ்."

"அப்போ காக்கா வந்து தொடச்சிட்டுப் போவுதா?"

அபராதம் விழுந்தது. கட்டினார், கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். விதியை மீறிப் பழக்கமில்லாத மனிதர். ஒரு பால் டப்பாவில் சாம்பலை வாரி, பச்சை தெரிந்த இடங்களில் தூவ ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டு பெனிஷா துணி காயப்போட வந்தவள் சிரித்துவிட்டாள். "இன்னா மாமா, ஊரே சாம்பல தட்டிகினு கீது, நீ தூவிகினு கீற? கோலமா போடற?"

அவரும் சிரித்தார். காலையில் பார்த்தால் தூவியது இல்லை.

ஜனவரியில் ஒருநாள் அந்த இடங்களின் மேல் விரலை வைத்து அளந்தார். வலப்பக்கம் நாலு விரல் அகலம். இடப்பக்கம் மூன்றுதான். பட்டம்மாளின் இடதுகைச் சுண்டுவிரல், கல்யாணத்துக்கு முன்பே காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மிஷினில் போய்விட்டது.

அன்றோடு சாம்பல் தூவுவதை விட்டார்.

பிப்ரவரிக் கூட்டத்தில் பொன்ராஜ் எழுந்தான். "உனக்கோசரம் ரூல்ச மாத்த முடியாது நைனா. மார்ச் மொத வாரம் ஆளோட வந்து கொழாய கழட்டிட்டு, வெறும் கம்பிவலய மட்டும் வுட்டுடுவோம்."

"கொழாய கழட்டிட்டா எத்தப் புடிச்சிகினு நிப்பா?"

வாய் தவறி வந்துவிட்டது.

"யாரு நைனா?" என்றான் பொன்ராஜ்.

கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். குழாயைக் கழற்றுவதைக் கண்ணால் பார்க்க மனமில்லாமல், மார்ச் இரண்டாம் தேதி வீட்டைப் பூட்டிக்கொண்டு வியாசர்பாடியில் மகள் வீட்டுக்குப் போனார். ஐந்தாம் தேதி திரும்பியபோது குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது, அதே இரண்டு பச்சையோடு. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பெனிஷா மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆறாம் தேதி சாயங்காலம் அவர் வேலியோரம் போனார். பச்சை தெரிந்த இடங்களுக்குப் பக்கத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக, தன் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் கடிதம் வந்தது. பொன்ராஜின் கையெழுத்து.

'மூன்றாம் தேதி விடியலில் குழாயைக் கழற்ற ஆட்களோடு வந்தோம். உங்கள் வீடு பூட்டியிருந்தது. குழாயில் இரண்டு இடம் அல்ல, நான்கு இடம் பச்சையாகத் தெரிந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிடித்ததுபோல் இருந்தது. தொட்டுப் பார்த்த ஆள் கையை உதறிக்கொண்டு போய்விட்டான். இனி உங்கள் வேலியைச் சங்கம் தொடாது. இதுவே கடைசிக் கடிதம்.'

கோதண்டம் கடிதத்தின் தலையில் இருந்த தேதியைப் பார்த்தார். 4.3.2025. தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, வழக்கம்போல, கடிதத்தின் ஓரத்தில் எழுதினார்: வந்து சேர்ந்தது 7.3.2025, வெள்ளிக்கிழமை.