மூன்று இழை பீஸ்

போன வாரம் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் புதிதாக ஒரு சப்ஊஃபர் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறான். பாதிக் கூடத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. அதிலிருந்த ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வேறொன்றைப் போட்டானாம். "பேஸ் எவ்ளோ தெளிவா இருக்குது பாருங்க மாமா" என்றான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவன்மேல் இல்லை, விரல்நுனி அளவிருந்த அந்தக் கண்ணாடிக் குழாய்மேல். அதைக் கண்டாலே எனக்கு ஆகாது.

திருத்தணியில் அதற்கு ஃப்யூஸ் என்றா பெயர்? பீஸ். பீஸ் போகும், பீஸ் கட்டுவோம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவதும் பீஸ்தான். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடித்தனம் நடத்தினோமோ.

எழுபதுகளின் கடைசி. தாலுகா ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்ததும் வந்த முதல் ஆசை ஆம்ப்ளிஃபையர். பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்த பாய் ஒருவர் கையாலேயே செய்துகொடுத்தார். ஸ்பீக்கரை ஒரு மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தால் சத்தம் அடிவயிற்றிலிருந்து வரும். எங்கள் காலத்துச் சப்ஊஃபர் அதுதான். பானை வாங்கப் போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில், தண்ணீர் ஊற்றவா தாளம் போடவா என்று கடைக்காரம்மா கேட்டுவிட்டாள்.

ஆனால் பாட்டு கேட்க விட்டால்தானே? தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். கரண்டு ஏறும், இறங்கும். பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் பீஸ் போய்விடும். பாய் வயரிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, கண்ணாடிக் குழாய்மேல் சுற்றித் தருவார். "ஒரு இழை போதும் தம்பி. பீஸ் போறதே மெஷின் பொழைக்கறதுக்குத்தான்" என்பார். நான் கேட்டேனா?

அதே நாட்களில் தங்கை டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். சோற்றுத் தட்டின் விளிம்பில்கூட அவள் விரல்கள் அடித்துக்கொண்டிருக்கும். இடது சுண்டுவிரல் முதலில் இறங்கும்; அதுதான் ஏ. பிறகு எஸ், டி, எஃப். இந்த முறை தேறி வேலைக்குப் போனால் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைப்பதாக நைனா சொல்லியிருந்தார். பரீட்சை பாரத்தில் எங்கள் ஆபீசில் கையெழுத்து வாங்கி, போகிற வழியில் இன்ஸ்டிடியூட்டில் பீஸைக் கட்டச் சொல்லிப் பணத்தையும் என்னிடம் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை கடைசி நாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் பீஸ் போயிற்று. வெறுத்துப்போய் மூன்று இழையைச் சேர்த்து முறுக்கிக் கட்டினேன். அடுப்படியிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்.

"அண்ணா, பீஸ் கட்டிட்டியா?"

"ஆங், கட்டிட்டேன். இனிமே கவலையில்ல."

அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. நல்ல அண்ணன் என்று நினைத்திருப்பாள்.

சனிக்கிழமை ஆபீஸ் லீவு. நாள் முழுக்கப் பாட்டு. பீஸ் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீஸ் கல்லுக்குண்டாக இருக்க, ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து வீடெல்லாம் வார்னிஷ் நாற்றம். திங்கட்கிழமை அதைப் பிரித்துப் போட்டு, கரண்டையும் பாயையும் திட்டிக்கொண்டிருந்தபோது தங்கை இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்தாள். பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பட்டியல் மெட்ராசுக்குப் போய்விட்டது. பாரமும் பணமும் என் ஆபீஸ் பையில் மிச்ச வயரோடு கசங்கிக் கிடந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தாள்.

"நீ கட்டினது இந்தப் பீஸா?"

அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. அதற்குள் நைனா நகரியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். தப்பு என்னுடையது, ஆறு மாதம் பொறுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபம் என்மேல் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். இன்ஸ்டிடியூட்டின் படபட சத்தம் நின்று எத்தனையோ வருஷம். பரீட்சைப் பீஸைப் போனிலேயே கட்டிவிடுகிறார்கள். இழை உருவிப் பீஸ் கட்டுகிறவனை நான் பார்த்தே நாளாயிற்று. இனி யாரும் அந்தத் தப்பைச் செய்யவே முடியாது. நான் செய்தாயிற்று.

மருமகன் சத்தத்தைக் கூட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை, "நல்லாத்தான் கீது" என்றாள். நாற்காலிக் கைப்பிடியில் அவள் இடது கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு விரல்களும் ஒன்றாகவே விழுந்தன. சுண்டுவிரல் தனியாக இறங்கவே இல்லை.