பதினோரு ஜன்னல்கள்

டெல்மர் வோஸ் விஸ்கான்சினின் மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே நாற்பத்தோரு வருஷம் பால் டேங்கர் ஓட்டினவர். ஓய்வு பெற்றதும் ஏரியே கதி என்று கிடக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சின்னதாக ஒரு படகும் வாங்கினார். அந்தக் குளிர்காலத்திலேயே மனைவி ஆர்லிஸ் வாசற்படிப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள்.

முடி திருத்தும் கடை வைத்து, வருகிறவர்களோடு நாள் முழுக்க வாயாடியவள் ஆர்லிஸ். மூன்று மாதம் நாற்காலியில் கிடந்ததில் பேச்சே நின்றுபோயிற்று. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் போனைத் தடவிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் போனை அவரிடம் நீட்டினாள். "இதப் பாரேன் டெல்மர், எவ்ளோ அழகா இருக்கு."

படத்தில் ஒரு மர ஷெல்ஃப். அதன் விளிம்பு நேராக ஓடாமல் சிப்பி ஓரம் மாதிரி வளைவு வளைவாக இறங்கியிருந்தது.

டெல்மர் கேரேஜுக்குப் போனார். பலகை ஓரத்தில் காபிக் கோப்பையைக் கவிழ்த்து அரை வட்டங்கள் வரைந்தார். ரம்ப மெஷினால் வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளைச் சாயம் பூசிச் சமையலறைச் சுவரில் மாட்டினார். ஆர்லிஸ் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து ஒவ்வொரு வளைவாக விரலால் தடவினாள்.

"அடப்பாவி, இத்தன வருஷமா இந்தக் கைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று சிரித்தாள்.

மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. அதற்காக வீட்டையே வெட்டித் தரலாம் என்று டெல்மருக்குத் தோன்றியது. கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. கண்ணாடிச் சட்டம், புத்தக அலமாரி, சாப்பாட்டு மேசையின் விளிம்பு, குப்பைக்கூடைக்கு ஒரு மரப்பெட்டி. பார்க்க வந்த பக்கத்து வீட்டு பெவ், "எனக்கும் ஒண்ணு" என்றாள். அவளுக்கு இரண்டு செய்தார்.

பனி உருகி, உறைந்து கிடந்த ஏரி திறந்தது. கூட்டாளி ஆர்வில் தினமும் கூப்பிட்டான். "மீனெல்லாம் ஒன்ன வெசாரிக்குதுடா."

"நாளைக்கு வரேன்."

ரம்பம் பிடித்துப் பிடித்து டெல்மரின் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஒரு காலையில் கோப்பை நழுவி விழுந்தது; வழுக்கிவிட்டது என்றார். வீட்டில் எங்கே திரும்பினாலும் வளைவுகள். மேசையில் முழங்கையை ஊன்றினால் வளைவு குத்தியது. படுத்தால் கண்ணெதிரே அலமாரி ஓரம் அலையடித்தது. சில சமயம் சும்மா தபால்பெட்டி வரை நடந்து போய், வெறும் தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஜூனில் ஆர்லிஸ் ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள். "எல்லா ஜன்னலுக்கும் மேல வளைவு வெச்சு ஒரு பலகை. மொத்தம் பதினொண்ணு."

"என்னால முடியாது ஆர்லிஸ்."

"என்னது?"

"கை மரத்துப்போவுது. வீட்டுக்குள்ள மூச்சு முட்டுது. நேரா ஒரு பலகைய எங்கயாவது பாக்கமாட்டமான்னு இருக்கு."

சண்டை வரும் என்று காத்திருந்தார். அவள் தாளை மடித்தாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் இரண்டு நாள், குளிர்காலத்தில் வீட்டில் கிடந்த அதே மௌனம்.

மூன்றாம் நாள் காலையில் டெல்மர் தூண்டில் பெட்டியைக் காரில் ஏற்றப் போனபோது கேரேஜில் ரம்பச் சத்தம். ஆர்லிஸ் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு பிளைவுட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வளைவு பூசணி அளவு, அடுத்தது எலுமிச்சை அளவு.

"என்ன பண்றே? விழுந்து தொலைச்சா?"

"ஒன்ன யாரு கூப்ட்டா? போய் மீன் பிடி."

அவள் குரலில் கோபமே இல்லை. தலைமுடியெல்லாம் மரத்தூள், நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் பழைய ஆர்லிஸ். கார்ச் சாவி டெல்மரின் கையில்தான் இருந்தது. கிளம்பியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பலகையின் மறுமுனை பிடிப்பில்லாமல் துள்ளிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் போய் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். மரத்த விரல்களுக்குள் அதிர்வு ஏறியது.

"வளைவுல தள்ளாத. அதுவா போவட்டும்."

"வந்துட்டார்யா வாத்தியார்!"

கோடை முழுக்க அவள் வெட்டினாள், அவர் பிடித்தார். ஏரிக்கு இரண்டு முறைதான் போக முடிந்தது. இரண்டு முறையும் மதியத்துக்குள் திரும்பிவிட்டார், அவள் தனியாக மெஷினைத் தொட்டுவிடுவாளோ என்று.

செப்டம்பரில் பதினோராவது பலகை ஏறியது. ஆர்லிஸ் தூளைப் பெருக்கித் தள்ளிவிட்டு வாசலில் இருந்த மர ஊஞ்சலைப் பார்த்தாள்.

"அந்த ஊஞ்சல் மட்டும் மொட்டையா நிக்குது, இல்ல?"

டெல்மர் சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார்.